கேமரூனுக்கு முதன்முறை செல்பவருக்கு: புறப்படும் முன்பும் அங்கே சேர்ந்த பின்பும்

வேலைக்காகவோ வணிகத்துக்காகவோ கேமரூனுக்குப் போகவிருக்கும் ஒருவர் முதலில் விசாவையும் விமானச் சீட்டையும் பற்றியே யோசிப்பார். அவை வேண்டியவைதாம். ஆனால் அங்கே சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும் ஒன்று உண்டு: அந்த நாட்டில் எந்தக் காரியமும் முகமன் இல்லாமல் தொடங்குவதில்லை, எந்த உணவும் எந்தத் துணியும் எந்தச் சொல்லும் ‘கேமரூனுடையது’ என்று மட்டும் சொல்லப்படுவதில்லை. அது கடற்கரையினுடையதா, மேட்டுநிலத்தினுடையதா, தெற்குக் காட்டினுடையதா, வடக்குச் சமவெளியினுடையதா என்று கேட்டறிபவருக்கு அந்த மக்கள் விரைவில் நெருங்கிவருவார்கள். ஆகவே இந்த வழிகாட்டியை அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதற்படி: நாட்டின் வரைபடத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்

கினி வளைகுடாவின் உள்மூலையிலிருந்து சாட் ஏரி வரை முக்கோணமாக நீளும் கேமரூனின் பரப்பளவு சுமார் 4,75,000 சதுர கிலோமீட்டர். அதில் பத்து மாகாணங்கள் உள்ளன. 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. மழைக்காடு, எரிமலை, புல்மேடு, வறண்ட சமவெளி எல்லாம் ஒரே எல்லைக்குள் இருப்பதால் ‘ஆப்பிரிக்காவின் சிற்றுருவம்’ என்று அந்நாட்டினரே பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். தலைநகரம் குன்றுகளின்மேல் அமைந்த யாவுண்டே. துறைமுகமும் பெருவணிகமும் வூரி ஆற்றங்கரையிலுள்ள டுவாலாவில். வேலைக்குச் செல்பவர்களில் பலர் முதலில் இறங்குவது டுவாலாவில்தான்.

நாட்டின் பெயரே அந்த ஆற்றிலிருந்து வந்தது. 15-ஆம் நூற்றாண்டில் வூரி ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் அங்கே மண்டிக்கிடந்த இறால் வகையைப் பார்த்து ‘இறால்களின் ஆறு’ என்று பொருள்படும்படி ‘ரியோ தோஸ் கமரோயிஷ்’ எனப் பெயரிட்டார்கள். 1884-இல் டுவாலாத் தலைவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஜெர்மானியர் அந்நிலத்தைத் தம் காலனியாக்கினார்கள். ஒப்பந்தத்துக்கு மாறாக ஆற்றங்கரையிலிருந்து டுவாலா மக்களை வெளியேற்ற முற்பட்டபோது அதை மனுக்களாலும் வழக்காலும் எதிர்த்தவர் ருடால்ஃப் டுவாலா மங்கா பெல் என்ற அரசர். ஜெர்மனியிலேயே படித்த அவரை 1914 ஆகஸ்ட் 8 அன்று அதே ஜெர்மானிய ஆட்சி தூக்கிலிட்டது. டுவாலாவில் அவர் பெயரைச் சொன்னால் இன்றும் முகங்கள் மாறும். புதிதாக வருபவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பெயர் அதுவே என்று நான் கருதுகிறேன்.

முதல் உலகப் போருக்குப் பின் அந்த நிலம் பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் பங்கிடப்பட்டது. பிரெஞ்சுப் பகுதி 1960 ஜனவரி 1 அன்று விடுதலை பெற்றது. 1961 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் பிரிட்டிஷ் பகுதியின் வடபாதி நைஜீரியாவோடு சேர, தென்பாதி அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று கேமரூனோடு இணைந்தது. அதனால்தான் இன்று எட்டு மாகாணங்களில் பிரெஞ்சும், வடமேற்கு, தென்மேற்கு என்ற இரண்டில் ஆங்கிலமும் ஆட்சி நடத்துகின்றன. இது மொழி வேறுபாடு மட்டுமன்று. பள்ளித் தேர்வுகள் வேறு, நீதிமன்ற மரபு வேறு. தாங்கள் ஒதுக்கப்படுகிறோம் என்ற ஆங்கிலப் பகுதியினரின் மனக்குறை 2016-இல் போராட்டமாக எழுந்து, அடுத்த ஆண்டிலிருந்து ஆயுத மோதலாக மாறியது. ஆகையால் அவ்விரு மாகாணங்களுக்கும், போக்கோ ஹராம் என்ற ஆயுதக் குழுவின் தாக்குதல்களால் பாதிக்கப்பட்ட தூரவட மாகாணத்துக்கும் செல்வதற்கு முன் அன்றைய நிலவரத்தை உள்ளூரில் நம்பத்தக்கவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒருவர் ஆங்கிலப் பகுதியிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால், அரசியலை நீங்களாகத் தொடங்க வேண்டாம். அவர் பேசினால் பொறுமையாகக் கேளுங்கள். வீட்டையும் ஊரையும் இழந்த கதை அவரிடம் இருக்கலாம்.

இரண்டாம் படி: ஊசி, காகிதம், பணம்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் நாட்டுக்குள் நுழைய முடியாது. பயணத்துக்குக் குறைந்தது பத்து நாட்களுக்கு முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டுப் பெற்ற சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் இந்த ஊசி போடப்படுகிறது. இந்தியாவுக்குத் திரும்பும்போதும் இதே சான்றிதழைக் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்துவார்கள் என்பதால், அந்த மஞ்சள் அட்டையைக் கடவுச்சீட்டோடு சேர்த்தே வைத்திருங்கள். மலேரியா ஆண்டு முழுவதும் உண்டு. அங்குள்ளது பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபாரம் வகை. தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கொசுவலையை முதல் இரவிலிருந்தே கட்டுங்கள்.

அலுவலகங்களில் எந்த விண்ணப்பமும் வருவாய் முத்திரை ஒட்டாமல் ஏற்கப்படாது. அதை அங்கே ‘தேம்பர்’ என்பார்கள். கடவுச்சீட்டின் சான்றளிக்கப்பட்ட நகல்கள் சிலவற்றை முதலிலேயே எடுத்துவைத்துக்கொண்டு, தெருவில் நடக்கும்போது அவற்றில் ஒன்றை எப்போதும் உடன் வைத்திருங்கள். வழியில் காவலர்கள் அடையாளம் கேட்பது அங்கே வழக்கம். விமான நிலையம், பாலம், அரசுக் கட்டிடம், படைவீரர் ஆகியவற்றைப் படமெடுக்க வேண்டாம்.

பணத்தின் பெயர் மத்திய ஆப்பிரிக்க சி.எஃப்.ஏ. பிராங்க். கேமரூன், சாட், காபோன், காங்கோ குடியரசு, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, எக்குவடோரியல் கினி ஆகிய ஆறு நாடுகளுக்கும் அது பொது. ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்று நிலையாக வரையறுக்கப்பட்டிருப்பதால் யூரோவாகக் கொண்டுபோவது கணக்குக்கு எளிது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதே பெயரில், இதே மதிப்பில் ஒரு பிராங்க் உண்டு. ஆனால் செனகலிலோ ஐவரி கோஸ்டிலோ வாங்கிய தாளை டுவாலாக் கடைக்காரர் வாங்கமாட்டார். அன்றாடச் செலவில் பெரிய தொல்லை சில்லறைதான். 10,000 பிராங்க் தாளை நீட்டினால் வாடகை வண்டிக்காரர் முகம் சுளிப்பார். பெரிய கடைகளில் பெரிய தாள்களை மாற்றி, நாணயங்களைச் சேர்த்துவையுங்கள். உள்ளூர் எண் ஒன்று கிடைத்தவுடன் ஆரஞ்சு அல்லது எம்.டி.என். நிறுவனத்தின் கைப்பேசிப் பணச் சேவையில் கணக்குத் தொடங்குங்கள். சாலையோரச் சிறு கடைகளிலும் அதை வாங்கிக்கொள்கிறார்கள்.

மூன்றாம் படி: கேள்விக்கு முன் வணக்கம்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டிவிட வேண்டாம். கடைக்குள் நுழைந்து நேரே விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. முதலில் ‘போன்ஜூர்’, பிறகு நலமா என்ற விசாரிப்பு, அதன் பின்பே காரியம். நண்பகல் தாண்டியவுடன் ‘போன்ஜூர்’ போய் ‘போன்சுவார்’ வந்துவிடும். பிரான்சில் மாலையில் சொல்லும் சொல்லை அங்கே பட்டப்பகல் ஒரு மணிக்கே கேட்கலாம். அறைக்குள் நுழைபவரே முதலில் வணங்க வேண்டும், இருப்பவர்கள் ஒவ்வொருவரோடும் கைகுலுக்க வேண்டும். கை ஈரமாகவோ அழுக்காகவோ இருப்பவர் மணிக்கட்டை நீட்டுவார்; அதைப் பற்றி மெல்லக் குலுக்குங்கள். கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால். மூத்தவரானால் இரு கைகளாலும்.

வயதில் மூத்த ஆண்களைப் ‘பாப்பா’ என்றும் பெண்களை ‘மமா’ என்றும், சற்றே மூத்தவரை அண்ணன் என்ற பொருளில் ‘கிராண்’ என்றும் அழைப்பார்கள். உறவுமுறை சொல்லி அழைத்துப் பழகிய நமக்கு இது கடினமே அன்று. பெயரை மட்டும் சொல்லி மூத்தவரை அழைக்கும் வெளிநாட்டாரை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் முறை சொல்லி அழைப்பவரிடம் அவர்கள் பேசும் குரலே மாறிவிடும்.

பிரெஞ்சு தெரியாமல் டுவாலாவிலும் யாவுண்டேயிலும் காலம் தள்ளுவது கடினம். எண்களையும் திசைகளையும் விலை பேசும் வாக்கியங்களையும் புறப்படும் முன்பே கற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பகுதியிலும் நாட்டின் சந்தைகள் பலவற்றிலும் பிட்ஜின் ஓடுகிறது. அது ஆங்கிலச் சொற்களால் கட்டப்பட்டிருந்தாலும் தனக்கென இலக்கணம் உள்ள தனி மொழி. அதை உடைந்த ஆங்கிலம் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ‘ஹவ் நா?’ என்றால் எப்படியிருக்கிறாய் என்று பொருள். ‘ஐ டே ஃபைன்’ என்பது மறுமொழி. இளைஞர்கள் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் உள்ளூர் மொழிகளையும் பிசைந்து ‘காம்ஃபிராங்லே’ என்ற கலவையில் பேசுவார்கள். வடக்கே போனால் ஃபுல்ஃபுல்தே பொதுமொழியாகிவிடும்.

பிட்ஜினில் ‘அஷியா’ என்று ஒரு சொல் இருக்கிறது. வெயிலில் மண்வெட்டிக்கொண்டிருப்பவரைக் கடந்து போகும்போது ‘அஷியா’ என்பார்கள். கால் தடுக்கியவரிடமும் ‘அஷியா’. தாயை இழந்தவரிடமும் ‘அஷியா’. உன் சிரமத்தை நான் பார்த்தேன் என்பதே அதன் உட்பொருள். நம் மொழியில் அதற்கு ஒற்றைச் சொல் எனக்கு அகப்படவில்லை. அந்தச் சொல்லை இடமறிந்து சொல்லத் தெரிந்துகொண்ட நாளில் நீங்கள் அந்த ஊருக்குப் பாதி சொந்தமாகிவிடுவீர்கள். மறுபுறம், எழுந்து போகிறவர் ‘வருகிறேன்’ என்று சொல்வது நமக்குப் புதிதன்று. அங்கும் ‘ஜாரிவ்’ அல்லது ‘ஐ டி கம்’ என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே போவார்கள்; ஐரோப்பியர்கள் இதைக் கேட்டுக் குழம்புவார்கள், நாம் குழம்ப வேண்டியதில்லை.

பெயர்களை உச்சரிப்பதிலும் நமக்கு ஒரு வசதி உண்டு. அங்கே பல சொற்கள் மூக்கொலியில் தொடங்குகின்றன. ‘பங்கு’ என்ற சொல்லில் பகரத்தை விட்டுவிட்டு எஞ்சியதைச் சொல்லிப் பாருங்கள். ‘இங்கோண்டோ’ என்று நான் எழுதும் விழாப் பெயர் அப்படித்தான் தொடங்கும். முன்னாலிருக்கும் இகரம் தமிழ் எழுத்துக்காக நான் சேர்த்தது. வாயில் அது வரக்கூடாது.

நான்காம் படி: தெருவில் இறங்குதல்

முகவரி என்றால் அங்கே கதவு எண் அன்று. நாற்சந்தியின் பெயர், மருந்துக்கடை, பள்ளி, அதிலிருந்து எத்தனையாவது சந்து என்பதே முகவரி. நகரத்தின் மஞ்சள் வாடகைக் கார்களில் பலர் சேர்ந்து பயணம் செய்வார்கள். சாலையோரம் நின்று, வண்டி வேகம் குறையும்போது போகும் இடத்தையும் தரும் தொகையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓட்டுநருக்கு ஒப்புதல் என்றால் ஒலிப்பானை அழுத்துவார் அல்லது நிறுத்துவார். இல்லையென்றால் ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வேறு யாரையும் ஏற்றாமல் உங்களை மட்டும் கொண்டுபோய் விட வேண்டுமானால் ‘தெப்போ’ என்றும், மணிக்கணக்கில் வண்டி வேண்டுமானால் ‘கூர்ஸ்’ என்றும் சொல்லுங்கள். இருசக்கர வாடகை வண்டிக்கு ‘பென்ஸ்கின்’ என்று பெயர்; நெரிசலில் அது விரைந்து போகும், விபத்துக்கும் அதுவே முதல் இலக்காகும். ஊர் விட்டு ஊர் போகத் தனியார் பேருந்து நிறுவனங்கள் உள்ளன. டுவாலாவுக்கும் யாவுண்டேக்கும் இடையே சுமார் 240 கிலோமீட்டர். அந்தச் சாலையில் இரவுப் பயணத்தைத் தவிருங்கள். யாவுண்டேயிலிருந்து வடக்கே இங்காவுண்டேரே வரை இரவு இரயில் ஓடுகிறது.

ஐந்தாம் படி: சந்தையும் சாப்பாடும்

சந்தையில் தக்காளியும் மிளகாயும் எடையில் விற்கப்படுவதில்லை. தரையில் விரித்த துணியில் சிறு குவியல்களாக அடுக்கியிருப்பார்கள், குவியலுக்குத்தான் விலை. பேரம் பேசலாம், ஆனால் விலையை உடைப்பதைவிட, வாங்கி முடித்தபின் கொசுறு கேட்பதே அங்கே இனிமையான வழி. ஒருவரிடமே திரும்பத் திரும்ப வாங்கினால் அவர் உங்களை ‘அஸோ’ என்று அழைக்கத் தொடங்குவார். கூட்டாளி என்ற பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம் அது; விற்பவர் வாங்குபவர் இருவருமே ஒருவருக்கொருவர் அஸோ. நல்ல பொருளை ஒதுக்கிவைப்பதும், கையில் பணம் இல்லாத நாளில் நம்பிக் கொடுப்பதும் அஸோவின் கடமை. ஒவ்வொரு முறையும் குறைந்த விலை தேடிக் கடை மாறுபவருக்கு இந்த உறவு கிடைக்காது.

சாப்பாட்டை அறிய வேண்டுமானால், ஒவ்வொரு உணவும் எந்த ஊருடையது என்பதோடு சேர்த்து அறியுங்கள். ‘இன்டோலே’ கடற்கரை டுவாலா மக்களுடையது: கசப்பான கீரையை வேகவைத்து, பலமுறை பிழிந்து அலசி, அரைத்த நிலக்கடலையோடும் இறாலோடும் சமைப்பார்கள். முழுக்கக் கசப்பு நீங்கிவிட்டால் சுவையில்லை, மிஞ்சினாலும் சுவையில்லை. அந்தப் பதம் கைவந்த சமையற்காரியை ஊரே அறிந்திருக்கும். தொட்டுக்கொள்ள, புளிக்கவைத்த மரவள்ளிக்கிழங்கு மாவை இலையில் சுருட்டி அவித்த ‘மியோண்டோ’ இருக்கும். அதுவே பருமனாக இருந்தால் ‘போபோலோ’. தென்மேற்கினுடைய ‘எரு’ மிக மெல்லியதாக அரிந்த காட்டு இலையும் நீர்க்கீரையும் செம்பனை எண்ணெயும் சேர்ந்தது. வடமேற்கு மேட்டுநிலத்தின் ‘அச்சு’வில் சேப்பங்கிழங்கை இடித்துப் பசையாக்கித் தட்டில் குழியாகப் பரப்பி, நடுவே மஞ்சள் நிறக் குழம்பை ஊற்றுவார்கள், அதைச் சுட்டுவிரலால் வழித்துச் சாப்பிட வேண்டும். கரண்டி கேட்டால் தருவார்கள், ஆனால் விரலை நீட்டினால் மகிழ்வார்கள்.

காலையில் தெருமுனையில் பெண்கள் மைதா மாவுருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருப்பார்கள். போண்டா வடிவிலான அவற்றோடு வேகவைத்த பயறும் சோளக் கஞ்சியும் சேர்ந்தால் ‘பே-ஆஷ்-பே’. அம்மூன்றின் பிரெஞ்சுப் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. குறைந்த செலவில் வயிறு நிறையும். இரவில் அதே தெருமுனையில் கரி அடுப்பில் முழுமீன் சுட்டுத் தருவார்கள். வடக்கத்தியர் ‘சோயா’ என்ற இறைச்சிக் குச்சிகளைச் சுட்டு விற்பார்கள். சோயாபயறுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதை மரக்கறி உண்பவர்கள் நினைவில் வையுங்கள்.

மரக்கறி உண்பவர்களுக்கு இன்னும் ஓர் எச்சரிக்கை தேவை. கீரை, பயறு, குழம்பு எதுவாயினும் காய்ந்த இறால் பொடி அதில் விழுந்திருக்க வாய்ப்பு மிகுதி. அதை அவர்கள் மீன் என்று எண்ணுவதில்லை. உப்பைப் போல ஒரு சுவைப்பொருளாகவே கருதுகிறார்கள். ஆகவே ‘இறைச்சி உண்டா’ என்று கேட்டால் இல்லை என்ற உண்மையான பதிலே வரும். ‘இறால் பொடி போட்டீர்களா’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நம்பிச் சாப்பிட ஏற்றது ‘கோக்கி’: காராமணியைத் தோல்நீக்கி அரைத்து, நுரைக்க அடித்து, செம்பனை எண்ணெய் கலந்து வாழையிலையில் கட்டி அவிப்பார்கள். முதல் வாய் சாப்பிடும்போதே, அந்த இலைமணத்தில், தூரத்து ஊர் என்ற எண்ணம் குறையும். பொரித்த பழுத்த வாழையும் எங்கும் கிடைக்கும். காட்டு விலங்கு இறைச்சி பரிமாறப்பட்டால் பணிவோடு மறுத்துவிடுங்கள். எறும்புண்ணி போன்ற பாதுகாக்கப்பட்ட உயிர்கள் அதில் அடங்கும், சட்டமும் அதைத் தடுக்கிறது.

ஆறாம் படி: வீட்டுக்கும் கூட்டத்துக்கும் அழைக்கப்படும்போது

உங்களோடு வேலை செய்பவர் ஞாயிறு மதியம் ‘கூட்டம்’ இருக்கிறது என்று சொன்னால், அது பெரும்பாலும் ‘இன்ஜாங்கி’யாக இருக்கும், பிரெஞ்சில் ‘தோந்தீன்’. நம்முடைய சீட்டைப் போல, உறுப்பினர் அனைவரும் குறித்த நாளில் பணம் போட, ஒவ்வொரு முறை ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். ஆனால் அதோடு நின்றுவிடுவதில்லை. நோய்க்கும் சாவுக்கும் தனி நிதி வைத்திருப்பார்கள். வராதவருக்கும் தாமதமாக வந்தவருக்கும் அபராதம் விதிப்பார்கள். பணம் எடுத்தவர் வீட்டில் விருந்து நடக்கும். மேற்கு மேட்டுநிலத்தைச் சேர்ந்த பாமிலேக்கே மக்களின் வணிக வெற்றிக்குப் பின்னால் இந்தக் கூட்டங்களின் ஒழுங்கு இருக்கிறது என்று அங்கே பலரும் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு என்பதே என் கருத்தும். விருந்தினராக அழைக்கப்பட்டால் போங்கள். உறுப்பினராக அழைத்தால், கடைசிச் சுற்று வரை அந்த ஊரில் இருப்பீர்களா என்று நேர்மையாக எண்ணிப் பார்த்த பின்பே ஒப்புக்கொள்ளுங்கள்.

சாவு வீட்டுக்குப் போகாதிருப்பதை எளிதில் மறக்கமாட்டார்கள். அடக்கத்தின்போது குடும்பத்தார் ஒரே அச்சுத்துணியில் உடை தைத்துக்கொள்வது வழக்கம். நெருங்கியவர் என்று கருதி உங்களிடமும் அந்தத் துணியைத் தந்தால், அது ஒரு பெரிய மதிப்பு. பாமிலேக்கே மக்களிடையே அடக்கம் முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழித்து, மழையில்லாக் காலத்தில், இன்னொரு பெரிய சடங்கு நடக்கும். பிட்ஜினில் ‘கிரை-டை’ என்று பெயர் பெற்ற இதில் அழுகையைவிட ஆட்டமும் முழவும் துப்பாக்கி வேட்டும் மிகுதி. துயரம் முடிந்து, இறந்தவர் முன்னோரோடு சேர்ந்துவிட்டார் என்ற நிறைவே அதன் உணர்வு. இறந்தவரின் மண்டையோட்டைப் பின்னாளில் எடுத்து வீட்டில் வைத்து மதிக்கும் மரபும் அங்கே உண்டு. அதைப் பார்க்க நேர்ந்தால் வியப்பைக் காட்டாமல் அமைதியாக இருங்கள். நாம் நடுகல்லுக்கும் படத்துக்கும் செய்யும் மரியாதையே அது. அதே மக்களிடையே இரட்டைப் பிள்ளை பெற்றவர்களுக்கு ஊரில் தனிச் சிறப்பு உண்டு. தாய் ‘மாஞ்ஞி’ என்றும் தந்தை ‘தாஞ்ஞி’ என்றும் பட்டம் பெறுவார்கள், அதன்பின் இயற்பெயரைவிட அந்தப் பட்டமே வழங்கும்.

ஏழாம் படி: அரசவைக்குச் செல்லும் முறையும் ஃபும்பான் பயணமும்

மேற்கு, வடமேற்கு மேட்டுநிலங்களில் மரபு அரசர்கள் இன்றும் வாழ்கிறார்கள். ஆங்கிலப் பகுதியில் அவர்களை ‘ஃபோன்’ என்பார்கள். அரசர் முன் செல்ல நேர்ந்தால் கைநீட்டாதீர்கள். குனிந்து, குவித்த கைகளை மெல்லத் தட்டி, வாயருகே கைகளைக் குவித்தபடியே பேச வேண்டும். கால்மேல் கால் போட்டு உட்காரக் கூடாது. உடன் வருபவர் செய்வதைப் பார்த்துச் செய்தால் தவறு நேராது.

கேமரூனில் ஒரே ஒரு பயணத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் மேற்கு மாகாணத்து ஃபும்பானைத்தான் சொல்வேன். பாமும் மக்களின் தலைநகரம் அது. அங்கே ஆண்ட இப்ராஹிம் இன்ஜோயா என்ற அரசர் 1896 வாக்கில் தம் மொழிக்கென ஓர் எழுத்துமுறையை உருவாக்கத் தொடங்கினார். கனவில் ஒருவர் தோன்றி, பலகையில் மனிதக் கையை வரைந்து, அதைக் கழுவிய நீரைக் குடிக்கச் சொன்னதாகவும், விழித்தபின் அப்படியே செய்ததாகவும் அம்மக்கள் சொல்வார்கள். பின்பு தம் குடிகளை அழைத்துப் பொருள்களை வரைந்து பெயரிடச் சொன்னார். அவற்றிலிருந்து தெரிந்தெடுத்த முதல் வடிவத்தில் சுமார் 500 குறிகள் இருந்தன. அறிஞர்களோடு அமர்ந்து ஆண்டுக்கணக்கில் திருத்தித் திருத்தி, 1910 வாக்கில் அவற்றைச் சுமார் 80 ஒலிக்குறிகளாகச் சுருக்கினார். முதல் நான்கு எழுத்துகளின் பெயரால் அது ‘அ கா உ கு’ எனப்படுகிறது. நாம் அரிச்சுவடியை முதலெழுத்துகளால் சொல்வதைப் போலவே இதுவும். ஓர் அரசர் தம் வாழ்நாளுக்குள் பட எழுத்திலிருந்து ஒலி எழுத்து வரை வந்துசேர்ந்தார் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அந்த எழுத்தில் அவர் தம் மக்களின் வரலாற்றையும் மருந்துமுறைகளையும் எழுதுவித்தார், பள்ளிகள் நடத்தினார். பிரெஞ்சு ஆட்சி அவருடைய அதிகாரத்தைப் பறித்து, 1931-இல் யாவுண்டேக்கு நாடுகடத்தியது. 1933-இல் அங்கேயே இறந்தார். அவருடைய எழுத்து 2009-இல் யூனிகோடில் இடம்பெற்றது.

அவர் கட்டிய அரண்மனையும், 2024-இல் திறக்கப்பட்ட புதிய அருங்காட்சியகமும் அருகருகே உள்ளன. அருங்காட்சியகக் கட்டிடமே சிலந்தியும் இருதலைப் பாம்பும் சேர்ந்த வடிவம். ஒரே வேளையில் இரு முனைகளில் போரிட்டு வென்ற பழைய அரசரின் நினைவாக இருதலைப் பாம்பு அரசச் சின்னமானது. சிலந்தி, அப்பகுதியில் குறிகேட்கப் பயன்படும் உயிர். கைவினைஞர் தெருவில் மெழுகுவார்ப்பில் செய்த பித்தளைச் சிலைகளையும் மரச்சிற்பங்களையும் செய்பவரிடமே வாங்கலாம். ‘இங்குவான்’ விழாக் காலத்தில் போக முடிந்தால் இன்னும் நன்று. இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அவ்விழாவில் அரசர் மக்கள்முன் நின்று தம் ஆட்சியின் குறைகளைக் கேட்க வேண்டும். சற்று நேரம் பதவியிழந்து, பிறகே மீண்டும் அரியணை ஏற்கிறார். யுனெஸ்கோ 2023-இல் இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எட்டாம் படி: மற்ற பயணங்களும் பருவமும்

டுவாலாவில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழை விடாது. கேமரூன் மலையின் கடலோர அடிவாரத்திலுள்ள டெபுண்ட்சாவில் ஆண்டுக்குச் சுமார் 10,000 மில்லிமீட்டர் பெய்கிறது. பயணங்களுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்றது. வடக்கே அப்போது சகாராவின் தூசி கலந்த காற்று வீசும், கண்ணையும் தொண்டையையும் காத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் தொடக்கத்தில் டுவாலாவில் இருப்பவர்கள் வூரிக் கரையில் நடக்கும் ‘இங்கோண்டோ’வைத் தவறவிட வேண்டாம். கடற்கரைச் சாவா மக்களின் அவ்விழாவில் ஒருவர் கலத்தோடு ஆற்றுக்குள் மூழ்கி, நீருக்கடியில் வாழும் ஆவிகளின் செய்தியைக் கொண்டுவருவதாக நம்பிக்கை. படகுப் போட்டியும் உண்டு. இது 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. கிரிபிக்கு அருகே லோபே ஆறு அருவியாகக் கடலிலேயே விழுவதைக் காணலாம். தென்கிழக்குக் காட்டில் வாழும் பாக்கா மக்களைப் பார்க்கச் செல்வோர் அவர்களைப் ‘பாக்கா’ என்ற பெயராலேயே குறிப்பிட வேண்டும். ‘பிக்மி’ என்ற சொல்லில் இழிவு இருக்கிறது.

உலக மகளிர் நாளான மார்ச் 8 அன்று, அவ்வாண்டுக்கென அச்சிட்ட ஒரே துணியில் உடை தைத்துக்கொண்டு பெண்கள் தெருவெங்கும் நிறைவார்கள். கால்பந்து பற்றி நீங்கள் எதுவும் படித்துவிட்டுப் போக வேண்டியதில்லை, அவர்களே சொல்வார்கள். 1990 உலகக் கோப்பைத் தொடக்க ஆட்டத்தில் ஒன்பது பேராகக் குறைந்தபோதும் அர்ஜென்டினாவை வென்றதை, அன்று பிறவாதவரும் நேரில் கண்டது போல விவரிப்பார்.

ஊர் திரும்பும்போது வாங்கிவரத்தக்கவை: எரிமலை மண்ணில் விளைந்து 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பெஞ்சா மிளகு, ஓக்கு மலையின் வெள்ளைத் தேன், நீலத்தில் வெண்கோலமிட்ட ‘இன்டோப்’ துணி. தந்தமும் விலங்குத் தோலும் வேண்டாம். கையிலுள்ள பிராங்க் தாள்களை விமான நிலையத்துக்குப் போகும் முன்பே மாற்றிவிடுங்கள், நம்மூரில் அவற்றை வாங்குவார் கிடைப்பது அரிது. வந்து சேர்ந்த பிறகு, வாரங்கள் கழிந்திருந்தாலும், காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் கேமரூன் போய்வந்தேன் என்பதே. மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையை அன்றே செய்யச் சொல்லுங்கள்.